பேச்சியம்மாளின் சீமெந்துக் குசினி

ஓய்வு பெற்றுப் போகிறவனுக்கு ஒரு மாலை போட்டு, தேநீர் கொடுத்து, "உங்களுடைய அனுபவங்களை எழுதித் தாருங்கள், எங்களுக்கு உதவும்" என்று கேட்பது எங்கள் கந்தோர்களில் வழக்கம். என்னையும் கேட்டார்கள். கேட்ட பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அவர்களுக்காகத் தலையாட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்து கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தபோதுதான், அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. பெருமைப்படக்கூடிய சம்பவத்தைத் தேடினால் வேறு சம்பவங்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றையே எழுதுகிறேன். உதவுமா உதவாதா என்பதைப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன். சாப்பாட்டுக் கடை, தேநீர்க் கடை, பேக்கரி, தங்குமடம், சலூன், டென்ட் போட்டுப் படம் காட்டுகிற கொட்டகை, இவை ஒவ்வொன்றுக்கும் வருஷா வருஷம் லைசென்ஸ் வேண்டும். முதலில் நான் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு சுகாதார வைத்திய அதிகாரி, அதாவது எங்கள் பெரிய டாக்டர், வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அதன் பிறகுதான் பட்டணசபை லைசென்ஸைக் கொடுக்கும். கடைக்காரர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைப்பார்.

நான் வயது வந்து ஓய்வு பெற்றவன் அல்ல. சிங்களத்தில் சோதனை பாஸ் பண்ணாத உத்தியோகத்தர் முன்கூட்டியே போகலாம் என்று அரசாங்கம் சொன்னது. சந்தையிலும் கடையிலும் சிங்களம் பேசி இத்தனை வருஷம் காலம் தள்ளியவன்தான். ஆனால் நடுத்தர வயதில் பள்ளிப் பிள்ளைபோல வாங்கில் குந்தி எழுத்துக் கூட்ட மனம் வரவில்லை. தள்ளிவிடுவதற்கு முன் நானே நடந்து வெளியே வந்துவிட்டேன்.

சுதந்திரம் கிடைத்த வருஷம் எனக்கு வேலை கிடைத்தது. களுத்துறையில் பயிற்சி. கிணறு, மலகூடம், நுளம்பு, பால், இறைச்சி என்று படித்தோம், சோதனை எழுதினோம், தொப்பியும் காக்கிக் கால்சட்டையும் தந்து அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தின் வெயிலில் வளர்ந்த என்னை அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பட்டணத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. ரயில் நிலையம், ஒரு பெரிய தெரு, தெருவின் இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்குப் பின்னால் உடனே தேயிலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சனம் இறங்கி வந்தால் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் மழையும் பனிப்புகாரும் நாங்களும்தான்.

பெரிய டாக்டர் இங்கேயே பிறந்த, ஐரோப்பியர் வழிவந்த பறங்கி மனிதர். உயரமாக, மெலிந்து, முழங்கால் வரை மேசு இழுத்துவிட்டு நடப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பியோனைக்கூடத் தயவுசெய்து என்று சொல்லித்தான் கூப்பிடுவார். ஒரு கடையைப் பார்க்கப் போனால் முன்பக்கத்தால் நுழைய மாட்டார். பின்னால் போகிற ஒழுங்கையைக் கண்டுபிடித்து, கழிவுநீர்க் கான், மலகூடம், குப்பை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பின்கதவால் குசினிக்குள் வருவார். சட்டைப்பையில் ஒரு சின்னத் தகரப் பெட்டியில் சொந்தச் சவர்க்காரம் வைத்திருப்பார். நுழைந்ததும் கை கழுவுவார். கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் கை விட்டுத் தடவிப் பார்ப்பார். பரிமாறுகிறவனின் நகத்தைப் பார்ப்பார். கடைசியில் வாடிக்கைக்காரர் குடிக்கிற தம்ளர் ஒன்றில் வெறும் தண்ணீர் கேட்பார். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் குடிப்பார். அவர் குடித்துவிட்டால் லைசென்ஸ் கிடைத்த மாதிரி. கடைக்காரர் எல்லோருக்கும் அது தெரியும், தண்ணீர் தொண்டையில் இறங்குகிறவரை மூச்சு விடாமல் நிற்பார்கள். தேநீர், வடை, பழம் ஒன்றும் அவர் வாயில் படாது.

அவருடைய நேர்மையைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. தோட்டத்துத் துரைமார் கூடிக் குடிக்கிற கிளப்பின் குசினியில் எலிப்புழுக்கை கண்டு அதை மூன்று மாதம் மூடி வைத்தார். பெரிய பெரிய துரைமார் எல்லாம் கந்தோருக்கு வந்து ஆங்கிலத்தில் சத்தம் போட்டார்கள். இவர் எல்லோருக்கும் கதிரை கொடுத்து, கேட்டு முடித்து, மூடினது மூடினதுதான் என்று அனுப்பிவிட்டார். டென்ட் கொட்டகைக்காரர் ஓசி டிக்கெட் கொடுத்தபோது அதை வாங்காமல், காசு கொடுத்துத் தரை டிக்கெட் எடுத்து, ஒரு சொல் விளங்காத தமிழ்ப் படத்தை முடிகிறவரை சனத்தோடு சனமாக மண்ணில் இருந்து பார்த்தார். படம் முடிந்து சனம் நெரித்துக்கொண்டு வெளியேறுவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, இன்னொரு வாசல் வெட்டினால்தான் லைசென்ஸ் என்றார். படம் எப்படி என்று நான் கேட்டதற்கு, கதாநாயகிக்கு ஓய்வு தேவை, நிறைய அழுகிறாள் என்றார். இப்படிப்பட்ட ஒருவருக்குக் கீழே வேலை செய்வதில் எனக்கு அப்போது பெருமை இருந்தது. பிறகு எத்தனையோ முறை, இந்த மனிதர் கொஞ்சம் கை நீட்டுகிறவராக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். அப்படி இருந்திருந்தால் பேச்சியம்மாள் பிழைத்திருப்பாள்.

பேச்சியம்மாளின் சாப்பாட்டுக் கடை ரயில் நிலையத்துக்கு ஏறுகிற சரிவில் இருந்தது. அவள் வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, கலியாணம் முடித்துப் பட்டணத்துக்கு வந்தவள். புருஷன் கடையைத் தொடங்கிச் சில வருஷத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டான். அதன் பிறகு அவளே அடுப்பிலும் அவளே கல்லாவிலும் நின்றாள். ராசாத்தி என்று ஒரே மகள், பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் வைக்கிற கருவாட்டுக் குழம்புக்காகத் தோட்டத்துச் சனம் வேறு கடைகளைத் தாண்டி நடந்து வரும். நான் சைவக்காரன், கருவாட்டைப் பற்றி நியாயம் சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய கீரைக் கடையலுக்கு நான் சாட்சி.

கடைக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் இருந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் பட்டணத்தில் நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபொயிட், பரவியது. பேச்சியம்மாளின் கடையிலிருந்து அல்ல, கீழ்த்தெருவில் இருந்த வேறொரு கடையிலிருந்து. அந்தக் கடைக் குசினியின் மண்தரையில் கழிவுநீர் ஊறி, கீழே சனம் குடிக்கப் பிடிக்கிற பீலித் தண்ணீரில் கலந்திருந்தது. பிள்ளைகள் செத்தார்கள். பெரிய டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கந்தோரில் கதிரையில் இருந்து, நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷத்திலிருந்து எந்தச் சாப்பாட்டுக் கடைக்கும் மண்தரைக் குசினிக்கு லைசென்ஸ் கிடையாது, சீமெந்து போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

பேச்சியம்மாளுக்கு அந்த வருஷ லைசென்ஸ் மற்றவர்களைப்போலச் சோறு விற்பதற்கு மட்டும் வேண்டியதாக இருக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த சனத்துக்கும் இங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்து, வேண்டியவர்கள் விண்ணப்பம் போடலாம் என்று இன்னொரு சட்டமும் வந்திருந்த காலம் அது. இத்தனை வருஷம் இங்கே தொடர்ந்து இருந்தேன் என்று காட்ட வேண்டும். சட்டப்படியான பிழைப்பு ஒன்று இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். பேச்சியம்மாள் தனக்கும் மகளுக்குமாகச் சேர்த்து விண்ணப்பம் போட்டிருந்தாள். தோட்டத்தில் பிறந்ததற்கும் வேலை செய்ததற்கும் அத்தாட்சி கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது பிழைப்பு. அதற்கு லைசென்ஸை விட்டால் வேறு அத்தாட்சி இல்லை. நுவரெலியாவில் விசாரணைக்கு வரச்சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள்.

சீமெந்து போடுவதற்கு அவள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். கட்டடச் சொந்தக்காரரான சிங்கள முதலாளியின் வீட்டுக்கு நாலு தரம் நடந்து சம்மதம் வாங்கினாள். அவளிடம் சாப்பிடுகிற தோட்டத்து மேசன்மார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூலியில்லாமல் வேலை செய்தார்கள். ஆற்றிலிருந்து மணலை ராசாத்தியும் அவளுமாகச் சுமந்தார்கள். நான் போய்க் கானுக்கு எப்படிச் சரிவு வைப்பது, சுவரும் தரையும் சேருகிற மூலையை எப்படி வளைத்துப் பூசுவது என்று சொல்லிக் கொடுத்தேன். காய்ந்த பிறகு ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தேங்காமல் ஓடிப்போய்க் கானில் விழுந்தது. பட்டணத்தில் அதைவிட நல்ல குசினித் தரை கிளப்பில்கூட இருக்கவில்லை. லைசென்ஸ் கொடுக்கலாம் என்று எழுதி டாக்டரின் மேசையில் வைத்தேன். அவர் வருகிற நாள் விசாரணைக்கு முந்தின வாரத்தில் அமைந்தது.

அன்று காலை நானும் டாக்டரும் வழக்கம்போலப் பின் ஒழுங்கையால் போனோம். கான் சுத்தம். மலகூடம் சுத்தம். டாக்டருக்குத் திருப்தி என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. பின்கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

புதுச் சீமெந்துத் தரை முழுவதையும் பேச்சியம்மாள் பசுஞ்சாணம் கரைத்து மெழுகியிருந்தாள். ஒரு மூலை விடாமல், கை வளைந்த தடம் தெரிய, அழகாக மெழுகியிருந்தாள். நடுவில் அரிசிமாவில் கோலம். ஒரு பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்த தடம் இருந்தது. அவள் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

டாக்டர் குனிந்து ஒரு விரலால் தரையைத் தொட்டுப் பார்த்தார். இது என்ன என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்குத் தெரியும், ஆனாலும் கேட்டார். நான் சொன்னேன். எங்கள் சனம் ஒரு நல்ல காரியம் நடக்கிற நாளில் வீட்டை இப்படித்தான் மெழுகும், இதைவிடச் சுத்தம் அவர்களுக்கு வேறு இல்லை, யாழ்ப்பாணத்தில் என் தாயும் வெள்ளிக்கிழமை தோறும் மெழுகுகிறவள்தான், இது அழுக்கு அல்ல, உங்களுக்குச் செய்த மரியாதை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்துச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. எப்போதும்போல முழுவதும் கேட்டார்.

பிறகு ஒரு விஷயம் சொன்னார். இங்கே வருவதற்கு முன் அவர் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தாராம். பிறந்த குழந்தையின் தொப்புள் வெட்டிய இடத்தில் லயத்தில் சாணியை அப்பிவிடுவார்களாம். ஒரு வாரத்தில் குழந்தை ஏற்பு வலி கண்டு, வாய் திறக்க முடியாமல், வில்லுப்போல வளைந்து சாகுமாம். அந்தத் தாய்மாரும் மரியாதையாகத்தான் செய்தார்கள் என்றார்.

நான் விசாரணையைப் பற்றிச் சொன்னேன். லைசென்ஸ் இல்லாமல் போனால் அவளுக்கு இந்த நாடே இல்லாமல் போகும் என்று சொன்னேன். அது வேறு திணைக்களத்தின் விஷயம், அதற்காக இந்தக் குசினி சுத்தமாகிவிடாது என்றார். இப்போதே கழுவச் சொல்கிறேன், பின்னேரம் ஒருமுறை வந்து பாருங்கள் என்றேன்.

"தரையைக் கழுவலாம்," என்றார். "நான் பார்க்க வருகிற நாளைக்காக யாரும் கழுவுவார்கள். நான் கையெழுத்து வைப்பது நான் வராத நாட்களுக்கு. கீழ்த்தெருக் கடைக்கும் நான்தான் கையெழுத்து வைத்தேன், மறந்துவிட்டீர்களா?"

மறுத்த கடையை அடுத்த காலாண்டுச் சுற்றில்தான் மறுபடி பார்ப்பது அவருடைய வழக்கம். அதை அவர் துரைமாருக்கே மாற்றவில்லை. இதற்குள் பேச்சியம்மாள் அவருக்காகத் துலக்கி வைத்திருந்த தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கினார், நன்றி என்று சொன்னார், குடிக்காமல் அலுமாரியின் மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

அந்தத் தம்ளரைப் பார்த்த பிறகு அவளுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஏன் என்று சொல்ல வேண்டுமே. சாணி போட்டதால்தான் என்று சொன்னேன்.

"பெரியவரு வர்றாருன்னுதான் மெழுகுனேங்க," என்றாள். "புதுத் தரை. நல்ல காரியம் நடக்கப் போற நேரம். மனுசரை வெறுஞ் சிமிந்தியிலயா நிக்க வைக்கிறது?" குனிந்து தரையைப் பார்த்தாள். "சாணி அசிங்கமாங்க ஐயா?"

"எங்கட வீட்டிலையும் மெழுகிறதுதான் அம்மா," என்றேன்.

அவள் நல்ல சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலில் நின்று, கோலத்தையும் சாணியையும் தென்னந்தும்பால் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். நான் சபையின் அறிவித்தலை முன்கதவில் ஒட்டினேன். உத்தரவு வரும்வரை கடை மூடப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது. அதை ஒட்ட வேண்டியவன் நான்தான், என் வேலை அது.

இளம் உத்தியோகத்தர் இதைப் படித்தால் டாக்டர் செய்தது பிழையா என்று கேட்பார்கள். நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பிழை என்று சொல்ல முடியவில்லை. அவள் செய்தது பிழையா என்றால் அதையும் சொல்ல முடியவில்லை. எங்கள் சட்டங்களில் மண்தரை கூடாது என்று எழுதியிருந்தது. சீமெந்தின் மேல் சாணி மெழுகக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அப்படி ஒருத்தி செய்வாள் என்று எழுதினவனுக்குத் தோன்றியிராது. பேச்சியம்மாள் மாதிரி ஒருத்திக்குத்தான் அது தோன்றும். யார் மேலும் பிழை இல்லாமல் ஒரு குடும்பம் நாசமாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போலக் கொடுமை வேறு இல்லை. யாரையாவது திட்டவாவது முடிந்தால் மனம் ஆறும்.

விசாரணையில் அவளுக்காகச் சாட்சி சொல்ல எனக்கு அனுமதி வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். உடனே தந்தார். நானும் பேச்சியம்மாளும் ராசாத்தியும் நானுஓயா வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் எடுத்தோம். அவள் வழி முழுவதும் மகளின் தலைமயிரைச் சரிசெய்துகொண்டே வந்தாள். பிள்ளை ஒழுங்காக இருந்தால் அதிகாரிக்குப் பிடிக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

விசாரணை அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போன மனிதர். வெளியே விறாந்தையில் அவருக்காக அத்தனை சனம் குந்தியிருந்தது. பிறப்பு, தோட்டம், புருஷன், பட்டணத்துக்கு வந்த காலம் எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதிலும் அத்தாட்சியும் இருந்தன. பிறகு பிழைப்பு என்னவென்று கேட்டார். சாப்பாட்டுக் கடை என்றாள். லைசென்ஸ் எங்கே என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

ஆங்கிலத்தில்தான் பேச்சு நடந்தது. அவள் பல வருஷமாக லைசென்ஸோடு நேர்மையாகக் கடை நடத்தியவள் என்றேன். இப்போது லைசென்ஸ் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். கடை திறந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை, மூடியிருக்கிறது என்றேன். யார் மூடியது என்று கேட்டார்.

"நாங்கள்," என்றேன்.

அடுத்த சுற்றில் லைசென்ஸ் கட்டாயம் கிடைக்கும், தரையில் ஒரு குறையும் இல்லை, நானே உத்தரவாதம் என்று சொன்னேன். இன்றைய நிலையைத்தான் தன்னால் எழுத முடியும் என்று சொல்லிவிட்டு அவர் எழுதத் தொடங்கினார். பேச்சியம்மாளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கந்தோர் ஐயா தனக்காக எழுந்து நின்று ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசுகிறார் என்பது விளங்கியது. அவள் என் முகத்தையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில், "நீங்க வந்து பேசுனீங்களே, அதுவே போதும் ஐயா. நல்லபடியா முடியும்," என்றாள். ராசாத்திக்கு நானுஓயாவில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று தந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் ரயில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. சட்டப்படியான பிழைப்பு இல்லாதபடியால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிழைப்பைப் பறித்ததும் அரசாங்கம். பிழைப்பு இல்லையே என்று கேட்டதும் அதே அரசாங்கம். இரண்டுக்கும் நடுவில் சம்பளம் வாங்கிக்கொண்டு நின்றவன் நான். அப்பீல் போட வக்கீல் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தேன். விசாரணை நாளில் லைசென்ஸ் இருக்கவில்லை என்று அதுவும் தோற்றது.

இதற்கிடையில் அடுத்த காலாண்டு வந்தது. டாக்டர் பின் ஒழுங்கையால் போனார். குசினித் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. தண்ணீர் கேட்டார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், ஒரே மூச்சில் குடித்தார். பட்டணத்தில் முதல்தரம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பேச்சியம்மாள் கும்பிட்டு அந்த லைசென்ஸை வாங்கிச் சுவரில் மாட்டினாள். அவளுக்கு அவர் மேல் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு இருந்தது. கந்தோருக்கு நடந்து வரும்போது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை அவரிடம் சொன்னேன். அவர் தெருவில் நின்றார். தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

சிங்களம் மட்டும்தான் அரச பாஷை என்று சட்டம் வந்த பிறகு பறங்கிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பல் ஏறின. டாக்டரும் ஆஸ்திரேலியாவுக்குப் போக முடிவு செய்தார். போவதற்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டுத் தன்னுடைய மேசை விளக்கைத் தந்தார். அந்தக் கடைப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். கடை நடக்கிறது என்றேன். "மறுபடி அப்படி ஒரு தரையைக் கண்டாலும் நான் மறுக்கத்தான் செய்வேன்," என்றார். "ஆனால் அந்தத் தம்ளர் தண்ணீரையாவது குடித்திருக்கலாம்."

பிறகு வந்த வருஷங்களில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் பிரஜாவுரிமை அத்தாட்சி கேட்கத் தொடங்கினார்கள். பேச்சியம்மாளுக்கு ஒரு வருஷம் தவணை கொடுப்பார்கள், அடுத்த வருஷம் இழுத்தடிப்பார்கள். ராசாத்தியை உடப்புசல்லாவையில் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது, மகள் அந்த வழியில் இங்கே தங்கிக்கொண்டாள். தாய்க்கு அந்த வழியும் இல்லை. அண்மையில் இந்திய அரசாங்கமும் எங்கள் அரசாங்கமும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டபோது, கடைக்கு இனி லைசென்ஸ் இல்லை என்று சபையும் சொல்லிவிட்டது. இருக்கிற தவணை முடியும்வரை திறந்திருக்கலாம், அவ்வளவுதான். பேச்சியம்மாள் இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு முறை வருவதற்காகக் காத்திருந்தாள்.

நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று, ரயிலுக்கு முன் அவளுடைய கடைக்குப் போனேன். பெட்டியை வாங்கின் கீழே வைத்துவிட்டு இருந்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் இலை போட்டுச் சோறு வைத்து, கீரையைக் கடைந்து ஊற்றினாள். ஓய்வு பெற்றுவிட்டேன், யாழ்ப்பாணம் போகிறேன் என்று சொன்னேன். ஏன் இத்தனை சீக்கிரம் என்று கேட்டாள். என்னுடைய மனக்குறையை, பாஷைச் சோதனையை, இத்தனை வருஷம் உழைத்ததற்கு இதுவா என்பதையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி முழுவதும் கேட்டாள்.

"விடுங்க ஐயா. போறதுக்கு உங்களுக்கு ஒரு ஊரு இருக்குல்ல," என்றாள். "என்னையும் ஊருக்குப் போன்னுதான் சொல்றாங்க. எந்த ஊருன்னுதான் எனக்குத் தெரியல."

நான் கை கழுவி வந்து காசை நீட்டினேன். வாங்க மறுத்தாள். ரயில் வருகிற சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று போயிட்டு வாறேன் என்று சொன்னபோது, அவள் நான் இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள்.